நான் யாரு பெத்த பிள்ளை?



தலை நரைத்த பிறகும் ஒருவர், "நான் யாரு பெத்த பிள்ளை?" என்று கேட்க நேர்ந்தால் எப்படியிருக்கும்? ஆஸ்திரேலியாவில் பலர் அப்படிக் கேட்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பிரிட்டனின் குழந்தை இல்லங்களிலிருந்து ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் கப்பலேற்றப்பட்டு, ஆஸ்திரேலிய இல்லங்களில் விடப்பட்டார்கள். "உன் தாய் தகப்பன் செத்துப் போயிட்டாங்க" என்று பலரிடம் சொல்லப்பட்டது. ஆனால் பலருடைய தாய் உயிரோடுதான் இருந்தார்!

வளர்ந்தபின் அவர்கள் தங்கள் பதிவேடுகளைத் தேடினார்கள். 1986-இல் அவர்களுள் ஒரு பெண்மணி எழுதிய கடிதம், இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரச் சமூகநல ஊழியர் மார்கரெட் ஹம்ப்ரீஸ் அம்மையாருக்குக் கிடைத்தது. அவர் 1987-இல் ஓர் அறநிறுவனம் தொடங்கி, பழைய ஏடுகளைப் புரட்டிப் பல குடும்பங்களைச் சேர்த்து வைத்தார். சிலருக்குத் தாயின் கல்லறையே மிஞ்சியது.

2009-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும், 2010-இல் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுனும் மன்னிப்புக் கேட்டார்கள். போன காலம் திரும்பி வருமா?

பெற்றோர்களே, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் வெறும் காகிதம் இல்லை, பத்திரமாக வையுங்கள். மாணவர்களே, தாத்தா பாட்டியின் பெயரையும் ஊரையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்!