‘கம்பனி’ என்னுஞ் சொல் – ஒரு வரலாற்று நோக்கு

ஐரோப்பியர் வருகையின் பயனாக நமது பேச்சு வழக்கிற் கலந்த சொற்களுள் ‘கம்பனி’ என்பதைப் போல எழுத்தறிவற்றோர் நாவிலும் இயல்பாக வழங்குவன மிகச் சிலவே. இன்று அது வர்த்தக நிறுவனம் என்ற பொருளையே நமக்கு முதலில் உணர்த்துகின்றது. ஆயின், அச்சொல்லின் அடிப்படைப் பொருள் வர்த்தகமன்று, தோழமை ஆகும்.

‘கொம்’ என்ற இலத்தீன் முன்னொட்டு ‘உடன்’ எனவும், ‘பானிஸ்’ என்பது ‘அப்பம்’ எனவும் பொருள்படும். ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்பவனே ‘கொம்பானியோ’, அதாவது தோழன். இது சிசரோ காலத்துச் செவ்விய இலத்தீன் சொல்லன்று. பிராங்கியரின் ‘சாலிக்’ சட்டத் தொகுப்பிலேயே முதலிற் காணப்படுகின்றது. யேர்மானிய இனத்தவரின் சொல்லொன்றைப் பார்த்து ஆக்கப்பட்டது என்பதே மொழியியலாளர் பலரின் கருத்தாகும். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கொதிக் மொழி விவிலியத்தில் வரும் ‘கஹ்லைபா’ என்ற சொல்லும் ‘உடனப்பன்’ என்றாற் போன்ற அமைப்பினையே உடையது.

ஆங்கிலத்திற் பிரபுவைக் குறிக்கும் ‘லோட்’ என்ற சொல்லும் அப்பத்திற் பிறந்ததேயாம். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘அப்பங் காப்பவன்’ என்பது. அவனை அண்டி வாழ்ந்த ஏவலாளன் ‘அப்பந் தின்பவன்’ எனப்பட்டான். நமது ‘செஞ்சோற்றுக் கடன்’ இந்த இரண்டாவது உறவையே நினைவூட்டுகின்றது. அங்கே சோறிடுபவன் உயர்ந்தவன், உண்பவன் கடன்பட்டவன். ‘கொம்பானியோ’ என்பதிலோ இடுபவனும் இல்லை, கடன்பட்டவனும் இல்லை. ஒரே பந்தியிற் சமமாக அமர்ந்தவர்களே உளர். இவ்வேறுபாட்டை மனங்கொண்டே இச்சொல்லின் பிற்கால வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றதன் பின்னர், பிரெஞ்சு மொழி வழியாக இச்சொல் ஆங்கிலத்திற் புகுந்தது. அன்றாட வழக்கில் இன்றும் அதன் பழம் பொருள் மறையவில்லை. வீட்டிற்கு விருந்தினர் வந்திருப்பதைக் ‘கம்பனி வந்திருக்கிறது’ என்பர்; பிரிந்து செல்வதைக் ‘கம்பனியைப் பிரிதல்’ என்பர். ஒரு கூட்டத்திற் பிறரைக் குறை கூறுவோர் ‘இங்குள்ள கம்பனி நீங்கலாக’ எனச் சேர்த்துக் கொள்வதும் உண்டு. (இந்த நாகரிகம் நம்மவர்க்கும் புதிதன்று.) கப்பலொன்றின் மாலுமிகள் அனைவரும் சேர்ந்து அக்கப்பலின் கம்பனி ஆவர். படைத்தலைவன் ஒருவன் கீழ் நின்ற போர்வீரர் குழுவும் இப்பெயரே பெற்றது. 14ஆம் நூற்றாண்டிற் கூலிக்குப் போர் புரிந்து பிரான்சையும் இத்தாலியையும் சூறையாடிய குழுக்களும் தம்மைக் கம்பனிகள் என்றே அழைத்துக் கொண்டன. உடனுண்டவர்கள் பிறர் சோற்றைப் பறிக்கத் தொடங்கிய முதற் கட்டம் இதுவெனலாம்.

வர்த்தகர் கூட்டங்களும் இப்பெயரைப் பூண்டன. 1394இல் அரச பட்டயம் பெற்ற இலண்டன் துணி வணிகர் குழு போன்றவை மண்டபங்கட்டி, விருந்துண்டு, தம்மவரைப் பேணின. நம் நாட்டிற் பொலன்னறுவைக் காலத்தில் வணிகம் புரிந்த ஐந்நூற்றுவர் போன்ற கணங்களோடு இவற்றை ஓரளவு ஒப்பிடலாம். 1600 டிசெம்பர் 31இல் எலிசபெத் அரசியார் கிழக்கிந்திய வர்த்தகத்திற்கு வழங்கிய பட்டயத்திலும் ‘கம்பனி’ என்றது இலண்டன் வணிகர்களாகிய மனிதர்களின் கூட்டத்தையே. ஆயினும், பங்கு முதலிட்டவர் ஒருவரையொருவர் அறியாமலே இலாபம் பெறும் முறை வளர வளர, அப்பம் மறைந்து பங்கு எஞ்சிற்று.

கடலுக்கு இப்பாலிருந்த மக்கள் கண்டது இந்தக் கம்பனியையே. கட்டபொம்மன் பற்றிய கதைப்பாடல்களில் அது ‘கும்பினி’ ஆயிற்று. ‘கும்பினியார்’ எனப் பலர்பால் விகுதி சேர்த்து வழங்கியமை, அதனை ஒரு நிறுவனமாகவன்றி ஆளும் மனிதராகவே மக்கள் கருதியதைக் காட்டுகின்றது. இலங்கையில் 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தரின் ஆட்சியும் ஒரு கம்பனியின் ஆட்சியே. 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்ததும் அதுவே. அடிமைகள் பற்றிய விதிகளும் அத்தொகுப்பில் உள.

கொழும்பிற் பேரை வாவியை அண்டிய ஒரு பகுதி தமிழிற் ‘கொம்பனித் தெரு’ என வழங்குகின்றது. சிங்களப் பெயரும் இப்பொருளதே. ஆங்கிலேயரோ அதனை ‘அடிமைத் தீவு’ என்ற பொருளில் அழைத்தனர். பகலெல்லாங் கோட்டையில் வேலை வாங்கப்பட்ட அடிமைகளை ஒல்லாந்தர் இரவில் அங்கு அடைத்து வைத்தமையே அப்பெயருக்குக் காரணமாகக் கூறப்படுவது. ஆக, ஒரே நிலத்தை ஒரு பெயர் எசமானனாலும், மற்றொரு பெயர் அவனுடைய உடைமையாயிருந்த மனிதராலும் நினைவு கூர்கின்றது. உடனுண்பவர் என்ற சொல், உடனிருந்து உண்ணத் தகாதவரென ஒதுக்கப்பட்டோரின் உடைமையாளனுக்குப் பெயரானது இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி என்பது என் கருத்து. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இலாகும். ஒல்லாந்தக் கம்பனி அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்நாட்டை விட்டு நீங்கியிருந்தது.

சட்டம் இச்சொல்லை மேலும் விந்தையான நிலைக்குக் கொண்டு சென்றது. 1862ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டப்படி கம்பனி அமைக்க எழுவர் வேண்டும். சலமன் என்ற சப்பாத்து வணிகர் தம் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் ஆளுக்கொரு பங்குடன் சேர்த்து எழுவராக்கி, 20,007 பங்குகளில் 20,001ஐத் தாமே வைத்துக் கொண்டார். அக்கம்பனி அவரினின்றும் வேறான ஒரு சட்ட ஆளே என 1896இற் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நமது நாட்டின் 2007ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரேயொரு பங்குதாரருடன் கம்பனி அமைக்கவும் இடமளிக்கின்றது. தோழரே இல்லாத தோழமை!

ஆயினும் பேச்சு வழக்குச் சட்டத்தைப் பின்பற்றவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்திற் சிறுவர்களைக் கொண்டு நாடகமாடிய குழுக்கள் ‘பாய்ஸ் கம்பனி’ எனப்பட்டன. எம். ஜி. இராமச்சந்திரன் இளமையில் நடித்த மதுரை ஒறிஜினல் பாய்ஸ் கம்பனி அவற்றுள் ஒன்று. வறிய வீட்டுப் பிள்ளைகள் பலரை அங்கு ஈர்த்தது கலையார்வம் மட்டுமன்று, வேளை தவறாது கிடைத்த சோறுமாகும். நம் மாணவரிடையிலும் தேநீர் அருந்தவோ நூலகத்துக்கு நடக்கவோ துணை வேண்டுபவன், ‘ஒரு கொம்பனி தாவன்’ என்றே நண்பனைக் கேட்கின்றான்.