நரகாசுரனும் கிறிஸ்துமஸ் தாத்தாவும்: பிள்ளைகளிடம் எதை மறைக்கிறோம்?

"கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமாவே வருவாரா?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? மேலை நாடுகளில் இது நூறு வருஷத்துக்கும் மேலான சண்டை. 1897-இல் நியூயார்க்கைச் சேர்ந்த வர்ஜீனியா என்ற 8 வயதுச் சிறுமி இதே கேள்வியை 'சன்' பத்திரிகைக்கு எழுதிப் போட்டாள். தாத்தா இருக்கிறார் என்று செப்டம்பர் 21 அன்று தலையங்கமே எழுதிவிட்டார்கள்.

1951 டிசம்பர் 23 அன்று பிரான்சின் திஜோன் நகரில் இதற்கு நேர் எதிராக நடந்தது. தேவாலயத்தின் முன்பு, சுமார் 250 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தாத்தாவின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். இயேசுவின் பிறந்தநாளை ஒரு கற்பனைக் கிழவர் தட்டிக்கொண்டு போகிறார் என்பது பாதிரியார்களின் கோபம். இதைப் பற்றி மானுடவியலாளர் லெவி-ஸ்த்ராஸ் 1952-இல் ஒரு கட்டுரை எழுதினார். தாத்தாவை நம்புகிறவர்கள் பிள்ளைகள், ரகசியம் தெரிந்தவர்கள் பெரியவர்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிக்கும் கோடுதான் தாத்தா என்பது அவர் வாதம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நமக்கும் பண்டிகைக்கு வரும் மாய ஆட்கள் உண்டு. தீபாவளி விடியலில் எண்ணெயில் லட்சுமி இருக்கிறாள், வெந்நீரில் கங்கை வந்துவிடுகிறாள் என்று சொல்லித்தான் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளையை மணையில் உட்கார வைப்பார்கள். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்பது அன்றைய குசல விசாரிப்பு. எல்லாருக்கும் மேலே நரகாசுரன். 'சாகும்போது அவனே வரம் கேட்டான், அதனால்தான் வெடி போடுகிறோம்' என்பது வீட்டுக் கதை. பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் கிருஷ்ணன் நரகனைக் கொல்கிறான். ஆனால் அங்கே பூமாதேவி கேட்பது பேரன் பகதத்தனுக்கு அடைக்கலம்தான். வெடியும் இல்லை, பண்டிகையும் இல்லை. வடக்கே போனால் அதே தீபாவளி ராமன் அயோத்திக்குத் திரும்பிய நாள். கதை ஊருக்கு ஊர் மாறும்.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்ற விவாதம் தமிழ்நாட்டில் பெரிதாகவே நடந்திருக்கிறது. 1925-இல் 'குடி அரசு' தொடங்கிய பெரியார், தீபாவளியைத் தொடர்ந்து எதிர்த்து எழுதினார். பன்றி அவதாரத்துக்கும் பூமிக்கும் பிள்ளை பிறந்தது என்பதை அறிவுள்ளவர்கள் நம்பலாமா, நம்மவனைக் கொன்ற நாளை நாமே கொண்டாடுவதா, காசைக் கரியாக்குவதா என்பவை அவருடைய கேள்விகள்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சுயமரியாதை இயக்கத்துக்கு நாடார் சமூகத்தில் பெரிய ஆதரவு இருந்தது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1931-இல் மூன்றாவது மாநாடு நடந்த ஊர் விருதுநகர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் சிவகாசி. 1920-களின் தொடக்கத்தில் அந்த ஊரிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய், தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியிருந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, அச்சுத் தொழிலும் வந்தது. ஆக, தீபாவளி வேண்டாம் என்று சொன்ன இயக்கமும் தீபாவளியை நம்பி வளர்ந்த தொழிலும் ஒரே வட்டாரத்தில் வேர்விட்டன.

அச்சுத் தொழிலையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி காலண்டர்களாக வீடு வீடாகப் போயின. லட்சுமி என்றதும் நம் மனசில் வரும் முகம் பெரும்பாலும் அந்த முகம்தான். அதே லட்சுமி வெடி மேலும் உட்கார்ந்தாள். பிள்ளைகளின் கற்பனைக்கு முகம் கொடுத்த ஊர் இது.

ஆனால் அந்த ஊரின் பிள்ளைகள்? 1983-இல் ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி'யில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். விடிவதற்கு முன்பே கிராமங்களுக்கு வண்டி வரும், தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். தீக்குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாம் சின்னக் கைகளின் வேலை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்ட கணக்கு இது: 1985 டிசம்பர் 31 நிலவரப்படி, பதிவு பெற்ற 221 தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் 27,338 தொழிலாளர்கள், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள். பதிவேட்டில் இருந்தவர்கள் மட்டுமே இவ்வளவு. 1996 டிசம்பர் 10 தீர்ப்பு, அபாயத் தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது.

லெவி-ஸ்த்ராஸ் போட்ட கோடு இங்கே இடம் மாறிவிடுகிறது. கிறிஸ்துமஸ் தாத்தா கதையில் பரிசைச் செய்வது குள்ளர்கள், உண்மை தெரிந்தவர்கள் பெரியவர்கள். சிவகாசி வட்டாரத்தில் பண்டிகைப் பரிசு எங்கிருந்து வருகிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கே தெரியும். செய்ததே அதுதான். தெரியாமல் இருந்தது சென்னையில் மத்தாப்பு பிடித்த பிள்ளைக்கு. பெற்றோர் திட்டமிட்டு மறைக்கவில்லை. பெரும்பாலான பெற்றோருக்கே தெரியாது, தெரிந்தவர்களும் பண்டிகை நாளில் அதைப் பேசவில்லை.

அதனால் என் கட்சி இதுதான். நரகாசுரன் கதையைச் சொல்லுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. தாத்தா விஷயத்தில் பெற்றோர் ராத்திரியில் பரிசை ஒளித்து வைத்து நடிக்க வேண்டியிருக்கிறது. நம் கதைக்கு அந்த நடிப்பு தேவையில்லை. பட்டாசு அம்மா கட்டிய சீட்டில் வந்தது என்று பிள்ளைக்கே தெரியும். "நிஜமா?" என்று கேட்கிற வயசில், அசாம் பக்கத்துப் பிராக்ஜோதிஷத்து ராஜா என்று புராணம் சொல்கிறது, வடக்கே வேறு கதை சொல்கிறார்கள் என்று விஷயத்தை அப்படியே சொல்லிவிடலாம். பெரியாரின் கேள்வியையும் சேர்த்தே சொல்லலாம். கேட்கிற பிள்ளை கேட்கட்டுமே.

கூடவே இன்னொரு கதையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சரத்தைப் பின்னியது யார், மருந்து அடைத்தது யார், அவர்களுக்கு என்ன கூலி, விபத்து நடந்தால் என்ன ஆகும் என்ற கதை. குழந்தைகளை வேலைக்கு வைப்பது சட்டப்படி தடை. ஆனால் வெடி விபத்துச் செய்தி இன்னும் வருஷா வருஷம் வருகிறது, செத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள். அசுரன் இருந்தானா இல்லையா என்பதைப் பிள்ளை வளர்ந்து தானே முடிவு செய்துகொள்ளும். அந்தக் கைகள் இருக்கின்றன என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.