எந்த இராயனுக்குக் கீழ்ப்படிவது?

பட்டினப்பாக்கத்து மணல்வெளியில் நின்று வடக்கே நோக்கினால் சாந்தோம் தேவாலயத்தின் வெண்கோபுரம் கண்ணிற்படும். கடல்மேற் சென்று கரை திரும்பும் மீனவர்க்கு அஃது ஓர் அடையாளம். வரலாறு பயில்வோர்க்கோ அஃது ஒரு வினாக்குறி! சென்னையை ஆண்டவன் ஆங்கிலேயன்; ஆனால் அந்த ஆலயத்து ஆயரை அமர்த்துவதில் உரிமை கொண்டாடியது போர்த்துக்கல் அரசு. 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் தோன்றிய நாள்தொட்டு வந்த உரிமை அது.

1910 அக்டோபர் 5ஆம் நாள் போர்த்துக்கல்லில் புரட்சி வெடித்தது. முடியாட்சி வீழ்ந்து குடியாட்சி பிறந்தது. புதிய ஆட்சி துறவியர் சபைகளை வெளியேற்றிற்று. 1911இல் அரசு வேறு, திருச்சபை வேறு என்று சட்டம் செய்தது. அத்தோடு சாந்தோம் மீதிருந்த பிடியும் போயிற்றா? இல்லை! தன் வீட்டுத் திண்ணையிலிருந்து பாதிரியை விரட்டிய அதே குடியரசு, கடல் கடந்த ஊரில் பாதிரியை அமர்த்தும் பெருமையை மட்டும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக் கொண்டது. பக்தியா காரணம்? பழம்பெருமை! 1928இல் போப்பரசரோடு செய்த உடன்படிக்கையிலும் மயிலாப்பூர் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே நின்றது. இந்தியா விடுதலை பெற்றுக் குடியரசாகவும் ஆன பின்னரே, 1950 ஜூலை 18ஆம் நாள் ஒப்பந்தத்தால் அந்த முடிச்சு அவிழ்ந்தது.

ஆட்சி மாறும்போது குருமார் யாருக்குக் கீழ்ப்படிவது? இந்த வினா கிறிஸ்தவத்தோடு ஒட்டிப் பிறந்தது. ஆளும் அதிகாரம் ஆண்டவனால் அமைந்தது, ஆகவே அடங்கி நட என்பது ரோமருக்குப் பவுல் தீட்டிய நிருபத்தின் கருத்து. மனிதருக்கு அன்று, இறைவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் நிமிர்ந்து நின்றவர் பேதுரு. இரண்டும் ஒரே வேதநூலில் இருக்கின்றன. எந்த ஏட்டை எப்போது புரட்டுவது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்!

பிரெஞ்சுப் புரட்சி இந்த வினாவைக் கத்திமுனையில் வைத்துக் கேட்டது. 1790இல் குருமாரை அரசின் ஊழியராக்கிச் சட்டம் வந்தது; உறுதிமொழி எடு என்றது அரசு; மறுத்துவிடு என்றார் போப். ஏறத்தாழப் பாதிப் பேர் மறுத்தனர். அந்தப் புயலின் நடுவே, 1792இல், பிரான்சை விட்டுப் புறப்பட்டுத் தமிழ்நாட்டுக் கரையேறியவர் துபுவா பாதிரியார். நம்மவர் பழக்கவழக்கங்களை அவர் எழுதி வைத்த ஏட்டைக் காசு கொடுத்து வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. புரட்சி அரசுக்குப் பணியாத பேனா, வணிகக் கம்பெனிக்குப் பயன்பட்டது!

இனி நம் நாட்டுப் போராட்ட காலத்துக்கு வருவோம். 1930 மார்ச்சு முதல் நாள்வரை இங்கிருந்த ஆங்கிலத் திருச்சபை இங்கிலாந்துச் சபையின் ஓர் உறுப்பு. அதன் சாப்ளின்மாரில் பலர் அரசுச் சம்பளம் பெறுவோர். அச்சம்பளமோ இந்தியக் குடியானவன் கட்டிய வரி! அன்றுதான் சட்டப்படி அது தனித்த சபையாயிற்று. மறுநாள், மார்ச்சு 2இல், காந்தியார் வைசிராய்க்கு இறுதி மடல் எழுதினார். 12ஆம் நாள் தண்டி யாத்திரை தொடங்கிற்று. தனித்து நிற்க வந்த சபைக்குப் பத்தே நாளில் தேர்வு வந்துவிட்டது!

தேர்வுத் தாளை நீட்டியவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். தஞ்சையிற் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. தடியடி நடக்கும் இடங்களில் வன்முறைக்கு எதிராகக் குருமார் நிற்க வேண்டாவா என்று கேட்டு, ஆங்கிலத் திருச்சபையின் தலைமைப் பேராயர் பாஸ் வெஸ்ட்காட்டுக்கு எழுதினார். சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு மாறானது என்பது பேராயரின் நிலை. தடியடியைப் பற்றிக் கேட்டால், அடிபட்டவனின் ஒழுங்கைப் பற்றி விடை! ரோமானிய ஆளுநனின் ஆணையால் சிலுவையில் அறையப்பட்டவரை வணங்கும் சபை, ஆளுநன் ஆணையே அறம் என்று ஓதுவது எந்தத் தருக்கத்தில் அடங்கும் என்று நாம் கேட்டால், அது நாத்திகர் கேள்வி என்பார்கள். கேட்டவர் குமரப்பா, அவர் நாத்திகர் அல்லர்.

அமெரிக்கப் பாதிரிமாரின் நிலை இன்னும் வேடிக்கையானது. முதல் உலகப்போருக்குப் பின் துரைத்தனம் ஒரு படிவத்தை உண்டாக்கிற்று. ‘மெமொராண்டம் ஏ’ என்று அதற்குப் பெயர். பிரிட்டிஷார் அல்லாத மிஷன்கள் இந்நாட்டில் இயங்க வேண்டுமானால், சட்டப்படி அமைந்த அரசுக்குக் கீழ்ப்படிவோம், அரசியலில் தலையிடோம், எங்கள் செல்வாக்கை அரசோடு விசுவாசமாக ஒத்துழைப்பதில் செலுத்துவோம் என்று உறுதி தர வேண்டும். தோழர்களே, மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அரசியலும் கூடாதாம், அரசுக்கு ஆதரவும் வேண்டுமாம்! ஆளவந்தாரின் பக்கம் நிற்பது அரசியல் ஆகாது, அடிமைப்பட்டவன் பக்கம் நிற்பதே அரசியல் என்னும் அகராதி அன்றே அச்சேறிவிட்டது. பவுலின் நிருபம் செய்யாத வேலையை அந்தப் படிவம் செய்தது. நிருபத்துக்குப் பொருள் பல கூறலாம். கையொப்பத்துக்கு ஒரே பொருள்தான்.

அந்தக் கையொப்பத்தில் அகப்பட்டவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ரால்ப் ரிச்சர்டு கெய்த்தான். 1925இல் வந்தவர், கதர் உடுத்தியவர். காந்தியாரின் மடலை வைசிராயிடம் எடுத்துச் சென்ற ரெஜினால்டு ரெய்னால்ட்ஸ் என்னும் ஆங்கில இளைஞருக்கு 1930இல் தம் இல்லத்தில் இடமளித்தார். விருந்தோம்பல், வேறொன்றுமில்லை. அதற்காக நாட்டை விட்டே போக நேர்ந்தது. அவரைப் போகச் செய்ததில் அதிகாரிகளின் நெருக்குதலோடு அவருடைய மிஷனின் அச்சமும் சேர்ந்தே வேலை செய்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் மூடப்பட்டுவிடுமே என்று அஞ்சினர். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அங்கே எழுத்துக் கற்றவன் நம் வீட்டுப் பிள்ளை. ஆனால் பள்ளியைக் காக்க மனச்சான்றை அடகு வைப்பதென்றால், அந்தப் பள்ளியில் எதைக் கற்பிப்பது?

சென்னைத் தெருவில் 1932இல் நடந்தது வேறு வகை. திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசனோடு சேர்ந்து 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் கண்டவர் ஸ்காட்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன். நூல் ஆலைச் செல்வக் குடும்பத்தின் மைந்தர், இங்கோ கதராடை! அந்நியத் துணி மறியல் நடந்துகொண்டிருந்த நாளில் போலீசார் அவரைத் தடியால் அடித்தனர், வண்ணநீரைப் பீய்ச்சினர். இலண்டன் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அதே தெருக்களில் அடிபட்ட தமிழன் ஒவ்வொருவனுக்காகவும் அங்கே கேள்வி எழவில்லை என்பதையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

கெய்த்தான் மறுபடி வந்தார். 1944இல் மறுபடி வெளியேற்றப்பட்டார். 1947இல் மூன்றாம் முறையாக வந்தபோது அவரை வெளியேற்றிய அரசு கப்பலேறிக் கொண்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. இங்கிலாந்து மன்னனுக்காக வேண்டிய ஆலயங்களில் புதிய அரசுக்காக வேண்டுதல் ஏறிற்று. பவுலின் நிருபத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.