செக்கும் சக்கரமும்: கோபாலபுரத்தில் எழுந்த ஒரு வழக்கு

கோபாலபுரத்தில் வாழும் எங்கள் மூத்த நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாள் தவறாமல் விடியற்காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு, அவ்வை சண்முகம் சாலையைத் தொட்டுத் திரும்புவது அவருடைய முப்பதாண்டு வழக்கம். சர்க்கரை நோய் உள்ளவர். அந்த நடைதான் தம்மை மருத்துவமனை வாசலை மிதிக்காமல் காத்தது என்பார். சென்ற மழைக்காலத்தில், தோண்டி மூடாமல் விட்டிருந்த பள்ளமொன்றில் கால் இடறி விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, துணிவு கூடவில்லை. மூன்று மாதங்களாகத் தெருவில் இறங்காதவருக்கு அவர் மகள் ஒரு டிரெட்மில் வாங்கி வைத்தார். அவரோ அதன்மீது துண்டு உலர்த்தினார்.

"நின்ற இடத்தில் நடப்பது நடையா? தரை தானே ஓடுகிறது. நான் சும்மா காலைத் தூக்கி வைக்கிறேன். இதில் உடம்புக்கு என்ன வேலை?" என்று அவர் வினவ, எங்கள் குழுவின் நெடுந்தூர ஓட்டக்காரரான இளைஞரும், "ஐயா சொல்வது சரிதான். டிரெட்மில்லில் ஓடுவது எளிது, வெளியில் ஓடுவதே ஓட்டம்" என்று ஒத்தூதினார். அவருடைய சர்க்கரை அளவு ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ஆதலால் இவ்வழக்கை விளையாட்டாக விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை. வரலாற்றையும் அறிவியலையும் ஒருசேரப் புரட்டினோம்.

நின்ற இடத்தில் நடப்பது மனிதனுக்குப் புதிதன்று. வாட்டிகன் அருங்காட்சியகத்தில் உள்ள ஹதேரி குடும்பக் கல்லறைப் புடைப்புச் சிற்பம் ஏறத்தாழ கி.பி. 100ஐச் சேர்ந்தது. அதில் ஒரு பெரிய சக்கரத்தினுள் ஆட்கள் மிதித்து நடக்க, பளு தூக்கும் பொறி இயங்குகிறது. நம் நாட்டு ஏற்றத்தை எண்ணிப் பாருங்கள். துலாமரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கிணற்று நீர் மேலே வரும். நாள் முழுதும் நடந்தவர் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கமாட்டார். ஆனால் வயல் நனைந்திருக்கும். அதை யாரும் வேலையன்று எனச் சொன்னதில்லை.

வேலையைத் தண்டனையாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் கியூபிட், 1818 அளவில், சிறைக்கைதிகள் சோம்பியிருப்பதைக் கண்டு மிதிசக்கரத்தை வடிவமைத்தார். படிகள் பொருத்திய நீண்ட உருளையில் கைதிகள் வரிசையாக நின்று, முடிவில்லாத மாடிப்படியை ஏறுவதுபோல் மிதிக்கவேண்டும். 1821இல் இலண்டனின் பிரிக்ஸ்டன் சிறையில் நிறுவப்பட்ட சக்கரம் பெரும்புகழ் பெற்றது. தானியம் அரைத்ததால் அது 'மில்' ஆயிற்று. பல சிறைகளிலோ அது எதையும் அரைக்கவில்லை. வெறும் காற்றையே அரைத்தது. நியூயார்க்கில் இச்சக்கரத்தைப் பற்றி 1824இல் நூல் எழுதிய ஜேம்ஸ் ஹார்டி, கைதிகளை அஞ்சவைப்பது அதன் கடுமையன்று, சற்றும் மாறாத அதன் ஒரே சீரே என்று குறித்திருக்கிறார். 1895இல் தண்டனை பெற்ற எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும் இதை மிதித்தவரே. 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தை அடுத்து இச்சக்கரம் பிரிட்டனில் வழக்கொழிந்தது.

ஒழிந்த கருவி மருத்துவரின் கையில் மறுபிறவி எடுத்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், இதய மருத்துவர் இராபர்ட் புரூஸ், ஓடும் பட்டையின்மேல் நோயாளியை நடக்கவைத்து இதயத்தைச் சோதிக்கும் முறையை வகுத்தார். மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும் அந்தமுறை 1963இல் வெளியாயிற்று. நம் ஊர் மருத்துவமனைகளில் 'டி.எம்.டி.' எடுத்துக்கொண்டவர் அனைவரும் அந்தப் பட்டையில் மூச்சு வாங்கியவர்களே. 1968இல் கென்னத் கூப்பர் எழுதிய 'ஏரோபிக்ஸ்' நூலைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்னும் பொறியாளர், வீட்டில் வைக்கத்தக்க மலிவான டிரெட்மில்லை உருவாக்கினார். கோபாலபுரத்து வீட்டில் துண்டு உலர்த்தும் பொறி அந்த வழியில் வந்தது.

இனி வழக்கிற்கு வருவோம். தரை ஓடுவதால் உடம்புக்கு வேலையில்லை என்பது சரியா? எழும்பூர் நிலையத்துக்குள் ஊர்ந்து நுழையும் இரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்கிறது. உள்ளே ஒருவர் அதே 5 கி.மீ. வேகத்தில் பின்பெட்டியை நோக்கி நடக்கிறார். நடைமேடையில் நிற்பவருக்கு அவர் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவதாகத் தோன்றும். ஆனால் நடப்பவரின் கால்களுக்கோ அது முழு நடை. சீரான வேகத்தில் ஓடும் பட்டையும் அப்படியே. பட்டை காலை இழுத்துக் கொடுப்பதில்லை என்பதை 1980இல் வான் இங்கென் ஸ்கெனாவ் என்னும் நெதர்லாந்து ஆய்வாளர் இயற்பியல் வழியே விளக்கினார்.

உண்மையான வேறுபாடு காற்றில் இருக்கிறது. வெளியில் ஓடுபவர் காற்றைப் பிளந்து செல்கிறார். டிரெட்மில்லில் காற்று அசையாமல் நிற்கிறது. 1953 எவரெஸ்ட் பயணக்குழுவில் இடம்பெற்ற உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ, 1971இல் இதை அளந்து வெளியிட்டார். நடுத்தூர ஓட்டப்பந்தய வேகத்தில், செலவாகும் ஆற்றலில் சுமார் 7.5 விழுக்காடு காற்றை எதிர்க்கவே போகிறது. குறுந்தூர விரைவோட்டத்தில் அது 13 விழுக்காடு என்பது அவர் கணக்கு. 1996இல் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜொனதன் டௌஸ்ட் ஆகியோர் பயிற்சி பெற்ற ஒன்பது ஓட்டக்காரர்களைச் சோதித்து, பட்டையை 1 விழுக்காடு உயர்த்தினால் அக்குறை நேராகிவிடும் என்றனர். அவர்கள் சோதித்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 10.5 முதல் 18 கி.மீ. வரை. வேகம் குறையக் குறைய வேறுபாடும் தேய்ந்துபோகிறது. நடப்பவருக்கு அது இல்லை என்றே சொல்லலாம்.

ஆகவே எங்கள் இளைஞர் தம் வேகத்தில் ஓடும்போது சொன்னது சிறிதளவு உண்மை. ஆசிரியர் தம் நடைக்குச் சொன்னது உண்மையன்று. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. காற்று நிற்பதால் வியர்வை உலராது. சென்னையின் புழுக்கத்தில், மின்விசிறி இல்லாத அறையில், பட்டையே கடினமாகிவிடும். கைப்பிடியில் உடலைச் சாய்த்துக்கொண்டால் வேலை குறைந்து, எண்பலகை காட்டும் கணக்கு பொய்யாகும். மேடு பள்ளமும் திருப்பமும் கால்களுக்குத் தரும் பழக்கத்தைச் சமதளப் பட்டை தராது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஹார்டி சொன்ன அந்த ஒரே சீர்!

இவற்றையெல்லாம் ஆசிரியரிடம் எடுத்துரைத்தோம். அவர் அசையவில்லை. "தண்டனைக் கருவி என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, தம்பி" என்றார். அவரைக் கிண்டி காந்தி மண்டபத்துக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்றோம்.

அங்கே இருக்கிறது வ.உ.சிதம்பரனாரின் செக்கு. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டவருக்கு, 1908 ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. கோவைச் சிறையில் மாடு சுற்றவேண்டிய செக்கை அவர் சுற்றினார். கடலில் கப்பல் விட்டவரை ஒரு வட்டத்துக்குள் நடக்கவிட்டார்கள். 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது அவருடைய கப்பல்களும் இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை.

ஆசிரியர் கைத்தடியை ஊன்றி நெடுநேரம் அச்செக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பேசவில்லை. பிறகு, "எண்ணெய் வந்தது, அது வேலைதான். ஆனாலும் தண்டனைதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "இதில் நிறுத்தும் பொத்தான் இல்லை. என் மகள் வாங்கித் தந்ததில் சிவப்பாக ஒன்று இருக்கிறது" என்றார்.

எங்கள் ஏடுகளெல்லாம் சொல்லமுடியாததை அவரே சொல்லிவிட்டார். எளிதா கடினமா என்பதைக் காற்றும் வேகமும் தீர்மானிக்கலாம். தண்டனையா அன்றா என்பதைத் தீர்மானிப்பது, நிறுத்தும் உரிமை எவர் கையில் உள்ளது என்பதே.

இப்பொழுது அந்தப் பொறி தெருப்பக்கச் சன்னலோரம், மின்விசிறிக்கு எதிரே நிற்கிறது. துண்டு கொடிக்குத் திரும்பிவிட்டது. நாளைக்குப் பதினைந்து நிமிடம், கைப்பிடியைப் பற்றாமல் நடக்கிறார். தெருப்பள்ளத்தை மூடக்கோரி அவர் எழுதிய விண்ணப்பத்தில் நாங்கள் அனைவரும் கையொப்பமிட்டுள்ளோம். பட்டை நடை அவருக்கு மாற்று வழிதான். தெருவை அவர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.