நிலத்தடி வில்லனுக்கு இரண்டு முடிவுகள்

2004ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான 'தி இன்க்ரெடிபிள்ஸ்' என்ற அமெரிக்க அனிமேஷன் திரைப்படம், ஒரு கதை தொடங்கும் இடத்தில் முடிவடைந்தது. ராட்சத துளையிடும் இயந்திரத்துடன் நிலத்தைப் பிளந்துகொண்டு 'அண்டர்மைனர்' என்ற வில்லன் வெளிவருகிறான். அதீத ஆற்றல் படைத்த பார் குடும்பத்தினர் முகமூடி அணிந்து தயாராகின்றனர். அத்துடன் படம் முடிகிறது. குழிபறிப்பவன் என்று பொருள்படும் இப்பெயர், சூழ்ச்சி செய்பவனையும் குறிக்கும். தமிழிலும் அச்சொல்லுக்கு அதே இரட்டைப் பொருள் உண்டு.

அடுத்து என்ன நடந்தது என்பதை முதலில் கூறியது 2005ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான 'ரைஸ் ஆஃப் தி அண்டர்மைனர்' என்ற வீடியோ விளையாட்டுதான். ஹெவி அயர்ன் ஸ்டூடியோஸ் உருவாக்கிய இதனை டிஹெச்க்யூ நிறுவனம் வெளியிட்டது. திரைப்படக் கதையையே மீண்டும் விளையாடத் தருவது அக்காலத்தில் வழக்கமாக இருக்க, இது கதையை முன்னெடுத்துச் சென்றது.

இதில் மிஸ்டர் இன்க்ரெடிபிளும், பனியை உருவாக்கும் அவரது நண்பர் ஃப்ரோசோனும் வில்லனைத் துரத்தி நிலத்தடிக்குள் இறங்குகின்றனர். இருவர் சேர்ந்து விளையாடலாம். தனியாக ஆடுபவர் இரு பாத்திரங்களுக்கும் இடையே மாறிக்கொள்ளலாம். ஆனால் மனைவி ஹெலனும் பிள்ளைகளும் நிலத்துக்கு மேலேயே நின்றுவிடுகின்றனர். குடும்பத்தின் கதையாக இருந்தது இரு ஆடவரின் அடிதடியாகச் சுருங்கியதே இதன் பெருங்குறை.

இக்கதை 13 ஆண்டுகள் கூட நிலைக்கவில்லை. 2018ஆம் ஆண்டு ஜூனில் வெளியான 'இன்க்ரெடிபிள்ஸ் 2', முதல் படம் நின்ற அதே கணத்தில் தொடங்கியது. விளையாட்டில் முறியடிக்கப்பட்ட அண்டர்மைனர், இப்படத்தில் வங்கியைக் கொள்ளையடித்துத் தப்பிச் செல்கிறான். முந்தைய கதை மறுக்கப்படவில்லை, இருந்ததாகவே கருதப்படவில்லை. உரிமம் பெற்றுச் சொல்லப்பட்ட கதையும், உரிமையாளர் புதிதாக ஒன்றைச் சொல்லும்வரை மட்டுமே செல்லும் என்பது அரசியலில் இடைக்கால நிர்வாகங்களின் நிலையை ஒத்தது.

இதைவிடக் கவலைக்குரியது, அந்த விளையாட்டே கிடைப்பது அரிதாகிவிட்டது என்பதாகும். 2012 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரிய டிஹெச்க்யூவின் சொத்துகள் அடுத்த ஆண்டு பிரித்து விற்கப்பட்டன. திரைப்படம் சார்ந்த விளையாட்டுகளை மீண்டும் வெளியிட, கதாபாத்திரங்களின் உரிமையாளருடைய சம்மதமும் தேவை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான வீடியோ விளையாட்டுகளில் சுமார் 87 சதவீதம் தற்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறியது.

பழைய வட்டுகளையும் அவற்றை இயக்கும் கருவிகளையும் பாதுகாத்து வைத்திருப்பவர்களிடமே அண்டர்மைனரின் அந்த முதல் முடிவு எஞ்சியிருக்கிறது.