ஐரோப்பியப் பிரிட்டிஷ் குடிகளின் குற்றவியல் சலுகைகள்

பிரிட்டிஷ் இந்தியாவில் குற்றம் சாட்டப்பட்டவர் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து, அவரை விசாரிக்கும் நீதிமன்றமும் நீதிபதியும் ஜூரியும் மாறின. அவருக்கு விதிக்கக்கூடிய தண்டனையின் உச்சவரம்பும் மாறியது. இந்தச் சட்ட ஏற்பாடு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகி, பலமுறை திருத்தப்பட்டு, நாடு விடுதலை பெற்ற பின் 1949இல்தான் முழுவதும் நீங்கியது. 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தில் இனப் பாகுபாடு ஏறக்குறைய இல்லை. கொலை யார் செய்தாலும் கொலை, திருட்டு யார் செய்தாலும் திருட்டு. பாகுபாடு நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. எது குற்றம் என்பதை ஒரு சட்டம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல, யாரிடம் போய் முறையிடுவது, யார் விசாரிப்பது என்பதை இன்னொரு சட்டம் இனம் பார்த்துப் பிரித்தது. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று ஆட்சியாளர்கள் சொல்லிக்கொள்ள முடிந்ததும், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் அந்தச் சொல் செல்லாக்காசாகக் கிடந்ததும் இந்தப் பிரிவினையால்தான்.

தொடக்கம்

1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கல்கத்தாவிலும், பிறகு வேறு சட்டங்களின்படி சென்னையிலும் பம்பாயிலும் அரசரின் பெயரால் சுப்ரீம் கோர்ட்டுகள் அமைந்தன. உள்நாட்டில், அன்றைய பேச்சில் மொபசலில், கிழக்கிந்தியக் கம்பெனி தன் சொந்த நீதிமன்றங்களை நடத்தியது. வெள்ளையர் மொபசலில் எங்கே வாழ்ந்தாலும் குற்ற வழக்குகளில் கம்பெனி நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அவரை சுப்ரீம் கோர்ட் மட்டுமே விசாரிக்க முடியும்.

இதன் பொருள் எளிமையானது. திருநெல்வேலிச் சீமையில் ஒரு வெள்ளையரால் அடிபட்டவர் வழக்குத் தொடர வேண்டுமானால் சாட்சிகளை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும். ரயில் வராத காலம். வழிச்செலவு, பாழாகும் வேளாண்மை, புரியாத மொழி, ஆங்கிலேயர் மட்டுமே அமர்ந்த ஜூரி ஆகிய அனைத்தையும் கடந்துதான் தீர்ப்பைப் பார்க்க முடியும். 1813ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. இந்தியரைத் தாக்கிய அல்லது அவரது நிலத்தில் அத்துமீறிய வெள்ளையருக்கு மாவட்ட மாஜிஸ்திரேட் 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்றது. அதைவிடப் பெரிய குற்றமென்றால் பழையபடி தலைநகரப் பயணம்தான்.

கறுப்புச் சட்டங்கள்

1833ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் ஐரோப்பியர் இந்தியாவில் தாராளமாகக் குடியேற வழிவிட்டது. அவுரித் தோட்டக்காரர்களும் வணிகர்களும் உள்நாட்டில் பெருகியதும், அவர்களைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றம் எது என்ற கேள்வி எழுந்தது. 1836இல் கவர்னர் ஜெனரல் அவையின் சட்ட உறுப்பினர் மெக்காலே கொண்டுவந்த 11ஆம் சட்டம், உரிமையியல் வழக்குகளில் மொபசல் வெள்ளையர் சுப்ரீம் கோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்யும் உரிமையை மட்டும் நீக்கியது. குற்ற வழக்குகளை அது தொடவே இல்லை. அதற்கே கல்கத்தா வெள்ளையர்கள் கூட்டம் போட்டு அதைக் கறுப்புச் சட்டம் என்று ஏசினார்கள். ஆங்கிலக் கல்வி பற்றிய குறிப்பால் நம்மிடையே வசவுக்கு ஆளான மெக்காலே, இந்த விஷயத்தில் தன் நாட்டவரின் வசவை வாங்கிக்கொண்டும் பின்வாங்கவில்லை.

அடுத்த முயற்சி 1849இல் நடந்தது. பெண்கல்விக்காக இன்றும் நினைக்கப்படும் பெத்யூன் அப்போது சட்ட உறுப்பினர். வெள்ளையரை மொபசல் குற்றவியல் நீதிமன்றங்களின் கீழ்க் கொண்டுவரும் வரைவுகளை அவர் வெளியிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் அரசு அவற்றைக் கைவிட்டது. அந்த வரைவுகளை ஆதரித்துத் துண்டுநூல் எழுதிய வங்காளியான ராம்கோபால் கோஷ், தாம் துணைத் தலைவராக இருந்த வேளாண் தோட்டக்கலைச் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். 1857இல் மீண்டும் வந்த ஒரு மசோதாவும் அதே கதியை அடைந்தது. 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பு நிறைவேறியபோது வெள்ளையரின் விலக்கு அப்படியே நீடித்தது.

அதே ஆண்டில் கல்கத்தா சுப்ரீம் கோர்ட் வேறொரு வழக்கில் தன் வேகத்தைக் காட்டியது. அவுரித் தோட்டங்களின் கொடுமையைச் சொல்லும் ‘நீல் தர்ப்பண்’ நாடகத்தின் ஆங்கில வடிவத்தை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங், தோட்டக்காரர்களை அவதூறு செய்தார் என்று ஒரு மாதச் சிறையும் 1000 ரூபாய் அபராதமும் பெற்றார். தோட்டக்காரர் மீது குடியானவர் வழக்குத் தொடர எட்டாத அந்த நீதிமன்றம் தோட்டக்காரருக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது.

1872ஆம் ஆண்டின் சமரசம்

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் சட்ட உறுப்பினராக இருந்து உருவாக்கிய 1872ஆம் ஆண்டின் தொகுப்பு முதன்முறையாக வெள்ளையரை மொபசல் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தியது. ஆனால் விசாரிப்பவரும் ஐரோப்பியப் பிரிட்டிஷ் குடியாக இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் அதிகபட்சம் மூன்று மாதச் சிறையோ 1000 ரூபாய் அபராதமோ விதிக்கலாம். செஷன்ஸ் நீதிபதிக்கு ஓராண்டுச் சிறை வரை அதிகாரம் உண்டு. அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்கள் சுப்ரீம் கோர்ட்டின் இடத்தில் வந்த உயர் நீதிமன்றத்துக்குப் போகும். இந்திய நீதிபதிகளுக்கும் இந்த அதிகாரத்தைத் தர வேண்டும் என்ற திருத்தம் சட்டமன்றக் குழுவில் வாக்கெடுப்பில் தோற்றது. சென்னை ஆளுநராக இருந்து, வைஸ்ராய் மேயோ கொலையுண்டதால் தற்காலிக வைஸ்ராயாகப் போயிருந்த நேப்பியர் அந்தத் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர்.

ஐரோப்பியப் பிரிட்டிஷ் குடி யார் என்பதற்கான வரையறை பரம்பரையைப் பார்த்தது. பிரிட்டனிலோ அதன் ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடியேற்றங்களிலோ நியூசிலாந்து, கேப், நேட்டால் ஆகிய இடங்களிலோ பிறந்தவர் அல்லது நிலைகொண்டவர், அவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை ஆகியோர் இதில் அடங்குவர். அந்தப் பிள்ளைகள் முறைப்படி மணந்த பெற்றோருக்குப் பிறந்திருக்க வேண்டும். இதனால் கலப்புக் குடும்பங்களில் பலர் தோட்டத்தின் மாடியிலும் இல்லாமல் குடிசையிலும் இல்லாமல் வாசலில் நின்றார்கள். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இந்த வரையறைக்குள் வரவில்லை.

இதே ஸ்டீபனின் பதவிக்காலத்தில், 1871 அக்டோபரில், குற்றப் பரம்பரைச் சட்டமும் நிறைவேறியது. சில மாத இடைவெளியில் ஒரே அவை, ஒருவர் பிறந்த குலத்தைக் கொண்டு அவரைக் குற்றவாளி என்று பதிவு செய்யவும், இன்னொருவர் பிறந்த குலத்தைக் கொண்டு அவருக்குத் தனி நீதிபதி தரவும் சட்டம் செய்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் கடுமையாக அமலானது. பிறமலைக் கள்ளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்தபோது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். அது தனிக் கட்டுரைக்குரியது. ஆனாலும் இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தக் காலத்துச் சட்ட மனத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

மண்ணீரல்

நடைமுறைச் சட்டம் வழிவிட்ட இடத்தில் மருத்துவச் சாட்சியம் நுழைந்தது. மலேரியா பரவிய பகுதிகளில் பலருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். லேசான அடி பட்டாலும் அது கிழிந்து உயிர் போகலாம். எஜமானின் உதையில் வேலைக்காரர் இறந்த வழக்குகளில் இதுவே வழக்கமான வாதமாயிற்று. இறந்தவருக்கு நோய் இருந்தது, அது அடித்தவருக்குத் தெரியாது, ஆகவே இது கொலையல்ல, சாதாரணக் காயம். தனித்தனியாகப் பார்த்தால் சட்டப்படி ஏற்கத்தக்க வாதம்தான். ஆனால் அது எஜமானின் கையால் வேலைக்காரர் இறந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப ஒலித்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

1875 அக்டோபரில் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கில வழக்கறிஞர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பும்போது வண்டி தயாராக இல்லையென்று தன் குதிரைக்காரரை அடித்தார். அவர் இறந்துபோனார். மாஜிஸ்திரேட் லீட்ஸ் 30 ரூபாய் அபராதம் விதித்தார். வைஸ்ராய் லிட்டன் கோபமுற்று 1876இல் ஒரு குறிப்பு எழுதி மாஜிஸ்திரேட்டைக் கண்டித்தார், அவரது பதவி உயர்வையும் நிறுத்தினார். ஆங்கிலேயப் பத்திரிகைகள் வைஸ்ராயின் மீதே பாய்ந்தன. இரண்டு ஆண்டு கழித்து இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டவரும் இதே லிட்டன்தான். அந்தச் சட்டம் ஆங்கிலப் பத்திரிகைகளைத் தொடவில்லை.

இல்பர்ட் மசோதா

இந்தியர்கள் சிவில் சர்வீஸில் சேர்ந்து மூப்பு பெற்றதும் 1872ஆம் ஆண்டின் ஏற்பாடு தானாகவே முட்டுச்சந்தில் வந்து நின்றது. பிஹாரிலால் குப்தா கல்கத்தாவில் பிரசிடென்சி மாஜிஸ்திரேட். தலைநகரில் அந்தப் பதவிக்கு இனத் தடை இல்லாததால் அவர் அங்கே வெள்ளையரை விசாரிக்கலாம். பதவி உயர்ந்து மாவட்டத்துக்குப் போனால் அந்த அதிகாரத்தை இழப்பார். அவருக்குக் கீழே இருக்கும் ஆங்கிலேய இளைஞர் விசாரிப்பார். இதைச் சுட்டிக்காட்டி 1882இல் அவர் அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதே ஆண்டில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் தற்காலிகத் தலைமை நீதிபதியாக ரமேஷ் சந்திர மித்தர் அமர்ந்திருந்தார். சென்னையில் டி. முத்துசாமி ஐயர் 1878 முதல் உயர் நீதிமன்ற நீதிபதி. அவர் நியமனத்தை ஆங்கிலேயப் பத்திரிகைகள் எதிர்த்ததற்குப் பதிலாகத்தான் ஜி. சுப்பிரமணிய ஐயரும் நண்பர்களும் ‘தி ஹிந்து’வைத் தொடங்கினார்கள். தூக்குத் தண்டனை வரை விதிக்கும் உயர் நீதிமன்றத்தில் இந்தியர் அமரலாம், ஆனால் ஒரு ஜில்லாவில் தோட்டக்காரருக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்க முடியாது.

சட்ட உறுப்பினர் கோர்ட்னி இல்பர்ட் 1883 பிப்ரவரி 9 அன்று மசோதாவை அறிமுகப்படுத்தினார். இந்திய மாவட்ட மாஜிஸ்திரேட்டுகளுக்கும் செஷன்ஸ் நீதிபதிகளுக்கும் வெள்ளையரை விசாரிக்கும் அதிகாரம் தருவதே அதன் சாரம். உடனடியாக அந்த அதிகாரத்தைப் பெறக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிப்ரவரி 28 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய வெள்ளையர்கள் இந்தியர்களை வாயில் வந்தபடி பேசினார்கள். தற்காப்புச் சங்கம் ஒன்று உருவாகி நிதி திரட்டியது. வைஸ்ராய் ரிப்பனைக் கடத்திக் கப்பலேற்றிவிடும் திட்டம் கூட இருந்ததாகச் சொல்வார்கள். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதிகளும் மசோதாவுக்கு எதிராகவே கருத்துச் சொன்னார்கள், மித்தர் நீங்கலாக. லண்டனில் நீதிபதியாக இருந்த ஸ்டீபன் ‘டைம்ஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் மறைக்காமல் சொன்னார்: இந்த ஆட்சி மக்களின் சம்மதத்தால் வந்ததல்ல, வெற்றியால் வந்தது, அந்த உயர்வைக் காட்ட வெட்கப்படக்கூடாது. மற்றவர்கள் வழக்காடு மொழியில் சுற்றிவளைத்ததை அவர் நேராகச் சொன்னார் என்ற அளவில் அந்தக் கடிதம் பயனுள்ள ஆவணம்.

எதிர்ப்பின் மிகப் பெரிய ஆயுதம் ஆங்கிலப் பெண்களின் பாதுகாப்பு. தங்கள் வீட்டுப் பெண்களை அந்தப்புரத்தில் அடைப்பவர்கள் எங்கள் பெண்களை எப்படி விசாரிப்பார்கள் என்று கேட்டார்கள். வங்காளப் பெண்களுக்குக் கல்வி தரவே இந்தியா வந்த அனெட் பெவரிட்ஜும் பத்திரிகையில் மசோதாவை எதிர்த்து எழுதினார். அவர் கணவரான நீதிபதி ஹென்றி பெவரிட்ஜ் மசோதாவின் ஆதரவாளர்.

டிசம்பரில் சமரசம் ஏற்பட்டு, 1884 ஜனவரியில் 3ஆம் சட்டமாக நிறைவேறியது. இந்திய மாவட்ட மாஜிஸ்திரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும் வெள்ளையரை விசாரிக்கலாம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ கொண்ட ஜூரியைக் கேட்டுப் பெறலாம். மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் நடக்கும் சில்லறை வழக்குக்கும், அந்த மாஜிஸ்திரேட் ஆங்கிலேயராகவே இருந்தாலும், இந்த உரிமை உண்டு. அதுவரை அங்கே யாருக்கும் ஜூரி கிடையாது. சலுகையைக் குறைக்கப் புறப்பட்ட மசோதா, சலுகையைக் கூட்டிய சட்டமாக வந்து சேர்ந்தது. இந்தியருக்கோ பெரும்பாலான மாவட்டங்களில் செஷன்ஸ் வழக்கில்கூட ஜூரி இல்லை. அசெசர்கள் இருவர் மூவர் உட்காருவார்கள், அவர்கள் கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

சென்னையில் ரிப்பனை ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று கொண்டாடினார்கள், மாநகராட்சிக் கட்டடத்துக்கும் அவர் பெயர் வைத்தார்கள். இந்தச் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் தோற்ற வைஸ்ராய்தான். ஆனால் வெள்ளையர்கள் சங்கம் கூட்டி, நிதி திரட்டி, பத்திரிகையில் எழுதி ஓர் அரசையே வளைத்ததை இந்தியப் படிப்பாளிகள் கூர்ந்து பார்த்தார்கள். 1885இல் காங்கிரஸ் கூடியதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம்.

கர்சன் காலம்

1899இல் ரங்கூனில் ஒரு பர்மியப் பெண்ணை வெஸ்ட் கென்ட் படைப்பிரிவின் வீரர்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். நீதிமன்றத்தில் தண்டனை கிடைக்கவில்லை. நீதிமன்றம் செய்யாததை நிர்வாக ஆணையால் செய்ய முனைந்த வைஸ்ராய் கர்சன், படைப்பிரிவையே ஏடனுக்கு அனுப்பினார். 1902இல் சியால்கோட்டில் ஒன்பதாம் லான்சர்ஸ் படையினரின் அடியில் ஒரு சமையல்காரர் இறந்தார். குற்றவாளி யார் என்று படையில் யாரும் சொல்லாததால் படைக்கே விடுப்பு ரத்தானது. 1903 டெல்லி தர்பாரில் அந்தப் படை அணிவகுத்து வந்தபோது வெள்ளைப் பார்வையாளர்கள் ஆரவாரம் செய்தார்கள். கர்சன் குதிரையில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூரியாக உட்காரக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள் என்பதை நினைத்தால், வைஸ்ராய்க்கும் எட்டாத அதிகாரம் எங்கே இருந்தது என்பது விளங்கும்.

நீக்கம்

1898ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத் தொகுப்பு இந்தச் சலுகைகளை 33ஆம் அத்தியாயத்தில் தொகுத்து வைத்தது. மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தால் அமைந்த மத்திய சட்டமன்றத்தில் 1921இல் என்.எம். சமர்த் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், சட்ட உறுப்பினர் தேஜ் பகதூர் சப்ருவின் தலைமையில் இனப் பாகுபாடுகள் குழு அமைந்தது. அதன் விளைவான 1923ஆம் ஆண்டின் 12ஆம் சட்டம், ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிரே நிற்கும் வழக்குகளில் கலப்பு ஜூரி கேட்கும் உரிமையை இந்தியருக்கும் தந்தது. சட்டவிரோதக் காவலிலிருந்து விடுவிக்கும்படி உயர் நீதிமன்றத்தை நாடும் உரிமையும் எல்லோருக்கும் பொதுவாயிற்று. இனம் பார்ப்பது ஒழியவில்லை, இருபக்கமும் பார்க்கலாம் என்றாயிற்று.

மிச்சமிருந்த பிரிவுகளை 1949ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் நீக்கியது. குற்றவியல் சட்ட (இனப் பாகுபாடுகள் நீக்கம்) சட்டம் என்பது அதன் பெயர். ஜூரி முறை மட்டும் சில மாநிலங்களில் இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது. 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போனது.