வேலூருக்குப் போன ராணி

வெக்ஸ்போர்ட்டில் சாப்பாட்டுக்கடைக் குசினிகளில் கோப்பை கழுவும் நாங்கள், கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2 என்று ஒருகாலத்தில் மனனம் செய்தவர்கள். ராணியின் பெயரைச் சோதனையில் எவரும் கேட்டதில்லை.

வெங்கட ரங்கம்மாள். கண்டி நாயக்க அரசர்கள் மதுரைப் பக்கமிருந்து பெண்ணெடுப்பது வழமை. ஒப்பந்தத்துக்கு முன்பே, பெப்ரவரி 18 இல், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோடு ராணிமாரும் பிடிபட்டனர். 1816 ஜனவரியில் எல்லாரையும் சென்னைக்குக் கப்பலேற்றி, வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். சுற்றிலும் தமிழ் கேட்கும் ஊர்தான். ஆனால் வாசலில் கும்பினிக் காவல். அதை ஊர் திரும்பியது என்பதா? நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம்.

அரசன் 1832 ஜனவரி 30 இல் இறந்தான். சிம்மாசனம் 1934 இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குத் திரும்பியது. ராணியரின் சமாதிகள் பாலாற்றங்கரையிலேயே இருக்கின்றன.